சிரட்டைக் கரியில் கலந்த திருநீறு

காஜா பெராங், மலாக்கா
17 மே 1959

அன்பு மகள் கமலவேணிக்கு,

இறையருளால் இங்கு என் உடல்நலத்துக்குக் குறைவில்லை. மான்செஸ்டர் குளிரில் நீயும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். நான் சென்ற வாரம் அனுப்பிய தேங்காய்ச் சிரட்டைக் கரியைச் சோதனைக்கு எடுக்காதே. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியிருந்தபடியே சுட்டு, இடித்து, சலித்து, கழுவும் நீர் தெளியும்வரை கழுவினேன். பிஸ்கட் டின்னில் இட்டு வெயிலில் உலர வைத்துவிட்டு நீர் இலாகா வேலைக்குப் போனேன். அந்நேரம் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா பிள்ளையார் கோயில் திருநீற்றை அதில் தூவிக் கிளறிவிட்டிருக்கிறார். நேற்றுத்தான் பெருமையாகச் சொன்னார். நான் கடிந்துகொண்டதற்கு, போங்கண்ணே, புள்ள அங்க தனியா கெடக்கு, சாமி துன்னூறு எந்தத் தண்ணியக் கெடுத்துச்சாம் என்று என்னையே மடக்கினார்.

சாம்பல் காரமுள்ளது, கரியைப் போல அதுவும் நீரில் ஓசோனை விரைவாகச் சிதைக்கும். அப்புறம் சாயப்பட்டறைக் கழிவைச் சுத்தம் செய்ய ஓசோனுக்குத் துணைநின்றது கரியா சாம்பலா என்று நீ எப்படிப் பிரித்தறிவாய்? இதை உனக்கு எழுத எனக்கு ஓர் இரவு தாமதமாயிற்று. முடிவு சரியாக வந்தால் மேலும் இரண்டாண்டு அங்கிருக்கலாம், வராவிட்டால் ஆகஸ்டில் கப்பலேறலாம் என்று பேராசிரியர் சொன்னதாக எழுதியிருந்தாய் அல்லவா. நான் வாய்திறக்காமல் இருந்தாலே முடிவு குழம்பி நீ வந்துவிடுவாய் என்று தோன்றியது. அம்மா போனபின் இவ்வீட்டில் வானொலி ஒன்றுதான் பேசுகிறது. கரி சலித்த நாள்களில் மாலைப்பொழுது போனதே தெரியவில்லை. டின் போனபின் ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறேன். ஆயினும் பிழையான கரியால் நீ வீடு திரும்புவது எனக்கு வேண்டாம். இருந்து முடித்துவிட்டு வா.

இன்று காலையே தெங்கேராவுக்குப் போய்ப் புதிய சிரட்டைகள் வாங்கி வந்துவிட்டேன். இம்முறை உலரும்வரை அருகிலேயே அமர்ந்திருப்பேன். டின்னைத் தொட வேண்டாமென்று பொன்னம்மாவிடமும் சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், சற்று நேரத்தில் உனக்கென்று எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தார். அதைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். கம்பளிச் சட்டையில்லாமல் வெளியே போகாதே. வேளைக்குச் சாப்பிடு.

எல்லா நலனும் பெற்று நீடு வாழ்வாயாக. முதல் டின்னைக் கொட்டிவிடாதே. காலையில் அதில் விரல் தொட்டு நெற்றியில் இட்டுக்கொள். சற்றுக் கறுப்பாகப் படியும், பரவாயில்லை.

உன் அன்புத் தந்தை,
கலியாணசுந்தரம்