சுவரோர இருக்கை

மதினி,

நேற்று உடுத்திய சேலையில் கரிப்புகை வாசம் இன்னும் போகவில்லை. துவைக்க எடுத்துவிட்டு மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டேன். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. பால் இரண்டு தடவை பொங்கி வழிந்துவிட்டது. நேற்று மத்தியானம் உங்கள் மகளோடு நம் கிரில் கடைக்குப் போயிருந்தேன். நாளைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன். உங்களிடம் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

பைபாஸ் ரோட்டில் இருக்கும் அந்தக் கடையை எனக்குக் காட்டியதே நீங்கள்தான். நான் பிரியாணிக் கடையில் தின்று வளர்ந்த திண்டுக்கல்காரி. உட்கார்ந்ததும் இலை, இலை விழுந்ததும் சோறு. பாதி தின்பதற்குள் அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடைசி வாய் உள்ளே போகும்போதே எழுந்துவிடுவோம். இங்கே யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து என் அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்த உங்களுக்குத்தான் அது பிடிக்கவே இல்லை. "சோறு திங்கறமா, பஸ்ஸுக்கு நிக்கறமா?" என்பீர்கள்.

கிரில் கடையில் கோழி வெந்து வரவே முக்கால் மணி நேரம். மெத்தை வைத்த இருக்கை, மங்கலான விளக்கு, யாரும் விரட்டமாட்டார்கள். எனக்கோ இருப்புக் கொள்ளாது. "மதினி, நா போயி என்னான்னு கேட்டுட்டு வாரேன்" என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எழுவேன். கடைசியில் நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். என்னைச் சுவரோரம் தள்ளி, பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்து வழியை அடைத்துக்கொள்வீர்கள். "சுடுதண்ணிய கால்ல ஊத்திக்கிட்டே நிக்காத கண்ணு. செத்த இரு. கோழி எங்கயும் ஓடிராது." அப்புறம் பேச்சுதான். என் மாமியாரைப் போல நீங்கள் பேசிக் காட்டி எனக்குப் புரையேறிய நாளெல்லாம் உண்டு.

கடைசித் தடவை நான் தாமதமாக வந்தேன். பையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் வெளிப்பக்கம் உட்கார்ந்தேன். கோழி வந்தது. நான் பாதி தின்றும் நீங்கள் தொடவில்லை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும் கண்ணு" என்றீர்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து நின்றது. அவர்கள் நம் மேசையையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. பிரியாணிக் கடைப் புத்தி. "ஆளு நிக்கிறாக மதினி, எந்திரிங்க. வீட்டுல போயி பேசிக்கிருவோம்" என்று மிச்சத்தைப் பார்சல் கட்டச் சொல்லிவிட்டேன். வண்டியை எடுக்கும்போது பார்த்தால், அந்தக் குடும்பமும் ஒரு பார்சலை வாங்கிக்கொண்டு கிளம்புகிறது. உள்ளே நாலு மேசை காலியாகக் கிடந்தது.

வீட்டில் அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "அட, ஒண்ணுமில்ல கண்ணு" என்றீர்கள். எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகுதான் பீரோவில் சேலைகளுக்கடியில் அந்த ஸ்கேன் கவர் கிடைத்தது. மார்பில் கட்டி. எடுத்த தேதி, நாம் கடைக்குப் போன அதே நாள். "அப்பவே வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். மறுபடி ஒரு வார்த்தை பேச உங்களுக்கு என்ன கேடு என்று கோபம் கோபமாக வருகிறது. அப்புறம் அது என்மேல் திரும்புகிறது. நீங்கள் கண்ணை மூடியதிலிருந்து மூன்று வருடமாக இப்படித்தான் இருக்கிறேன்.

நேற்று உங்கள் மகளே போன் பண்ணினாள். "அத்தை, அம்மா போற கடைக்குப் போவமா?" போனதும் நானாகவே சுவரோரம் உட்கார்ந்து, அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். கோழி வந்தது. அவள் தொடவில்லை. வாசலில் நாலு பேர் வந்து நின்றார்கள். பொய் சொல்லமாட்டேன் மதினி, மேசைக்கடியில் என் கால் செருப்பைத் துழாவியது.

"சொல்லுத்தா" என்றேன்.

"மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது அத்தை. ஒரு மாசமா. அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

கோழி ஆறிப்போனது. கடைக்காரர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். அவள் அழுது, முகம் கழுவி, மறுபடி அழுது, ஒரு வாய் தின்னும்வரை நான் அசையவில்லை.

ராத்திரி அண்ணனிடம் நான்தான் சொன்னேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில் எத்தனை மணி நேரம் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன். அவளுக்குப் பயம், எழுந்து ஓடப் பார்ப்பாள். சுவரோரம் அவளைத் தள்ளி உட்கார வைத்து, நான் வழியை அடைத்துக்கொள்கிறேன். "செத்த இரு கண்ணு" என்று உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லவும் இப்போது எனக்கு வருகிறது.