மூத்த மாணவர் கை பட்ட மரநண்டு பற்றிய ஆணை

ஆம்பல்துறை நாட்டின் அரசுரிமையை அண்மையில் ஏற்ற, பதினாறு அகவை நிரம்பிய பூவைக்கோமகள், கீழ்க்கரை நகரின் பொறிக்களத் தலைவர் மாண்புமிகு கீரனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் நகரில் நெல்லும் உப்பும் நிறைக. பிள்ளைகள் செய்த பொறிகள் யாவும் ஓடுக. ஓடாதவை எவர் காலையும் நசுக்காதிருக்க.

மாணவர் தாமே செய்த மரப்பொறிகள் நீர்க்குடம் சுமந்து மணற்களம் கடக்கும் இவ்விழாவில், படிப்பு முடித்த மூத்த மாணவர் துணைப்பணிக்கு வருவதும், அவர் கை பட்ட பொறி களத்தினின்று நீக்கப்படுவதும் நம் வழக்கு. கீழைச்சாலைப் பள்ளிச் சிறுமியரின் மரநண்டு சாய்ந்து நின்றபோது, துணைப்பணிக்கு வந்த மூத்த மாணவன் தித்தன் குனிந்து அதன் காலைப் பொருத்தும் மரமுளையைப் பிடுங்கி வேறு துளையில் செருக, நண்டு நடந்தது என்றும், எதிர்ப்பள்ளியான மேலைச்சாலைப் பிள்ளைகள், "அண்ணன் கை பட்டா அது அண்ணன் நண்டு, உங்க நண்டு இல்ல" என்று கூவினர் என்றும், சிறுமியரை இறுதி ஓட்டத்தினின்று நீக்குவதா என்றும் எழுதியிருந்தீர்.

தித்தனை விசாரித்தபோது, "அழுதுக்கிட்டு நின்னாங்கய்யா, கை தானா போயிருச்சு" என்றானாம். சிறுமியர் தலைவி நன்முல்லையோ, "யாரு அழுதா? கண்ல மரத்தூள். நாங்களே கண்டுபிடிச்சிருப்போம். எந்தத் துளைன்னுகூடத் தெரியல, அவரு முதுகுதான் தெரிஞ்சுது" என்றாளாம். அதைப் படித்துச் சிரித்துவிட்டோம்.

ஆயினும் அச்சமும் உண்டு. அதைத் தங்களிடமன்றி வேறெவரிடமும் சொல்ல இயலாது. யாமும் சென்ற ஆண்டு வரை கீழைச்சாலையில் படித்தோம். சிறுமியரை நீக்கினால் அரசி தன் சாலைக்குச் சாய்ந்தாள் என்ற பேச்சு எழாது என்கிறார் அமைச்சர். அப்பேச்சுக்கே யாம் அஞ்சுகிறோம். எனினும் எம் அச்சத்துக்காக, பிறன் செய்த பிழைக்கு அப்பிள்ளைகளைத் தண்டிக்க மாட்டோம்.

ஆகவே, சிறுமியரை அப்பால் நிறுத்தி, நண்டின்மேல் துணி போர்த்தி, இரு சாலையின் ஆசிரியரும் காண, தித்தனே முளையைப் பழைய துளைக்கு மாற்றுக. பின்னர் அவர்களே திருத்தி ஓட்டுக. திருத்த இயலாவிடில் தோற்கட்டும். அத்தோல்வியும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

இனித் துணைப்பணிக்கு வரும் மூத்தோர், பொறி அருகே கையைப் பின்னே கட்டி நிற்க. தம் சாலை நிறத் துணி உடுத்தற்க. பிள்ளைகள் கேட்டாலன்றி வழி சொல்லற்க, கேட்டாலும், "நீ என்ன நெனக்கிற?" என்று முதலில் வினவுக. எப்பிள்ளையையும் தனியறைக்கு அழைத்துப் பேசற்க. பிறர் காணும் வெளியிலேயே பேசுக. தாம் வென்ற கதையை ஒருமுறைக்கு மேல் சொல்லற்க. தித்தனை விலக்க வேண்டா. நல்ல மனத்தவன், கைதான் அவசரக்கை. அவனை மேலைச்சாலைப் பொறிக்குத் துணையாக வைக்க.

இவ்விதி எமக்கும் உரியது. இறுதி ஓட்டத்தன்று நடுவர் இருக்கையில் யாம் அமரோம். தீர்ப்பு முழுதும் தங்களுடையது. காண்போரிடையே கைகட்டி அமர்ந்திருப்போம். நண்டு சாய்ந்தால் வாய் திறவோம். நடந்தால் மட்டும், அரசி என்பதை மறந்து கொஞ்சம் கத்திக்கொள்ள எமக்கு இசைவு தருக.

ஆம்பல் இலச்சினை இட்டோம். களத்தில் முரசறைந்து ஆணைப்பகுதியை மட்டும் வாசிக்க; அச்சத்தைப் பற்றியதைத் தாங்களே வைத்துக்கொள்க.