ரத்தக்காட்டேரிக் கோட்டையும் உன் அப்பாவின் நோட்டும்

மகனுக்கு,

எனக்குப் புத்தி கலங்கவில்லை. உன் அத்தை ஊரெல்லாம் சொல்வதுபோல் நான் டிவியோடு பேசவில்லை; பரணில் கிடந்த உன் பழைய ரத்தக்காட்டேரி வீடியோ கேமைத்தான் டிவியில் மாட்டி விளையாடுகிறேன். சவுக்கு வீசத் தெரிந்துவிட்டது. படிக்கட்டில்தான் இன்னும் விழுகிறேன்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திரையில் வரும் குறிகளை வரைந்து வைத்தால்தான் மறுநாள் அங்கிருந்து தொடரலாம். அப்படி வரைந்து வைத்த நோட்டு ஒன்றும் விளையாட்டோடு அதே பெட்டியில் இருந்தது. முழுக்க உன் அப்பாவின் கோழிக்கிறுக்கல். ஒரு பக்கத்தில், "மணிக்கூண்டு. பய மூணு தடவ செத்தான். நாலாவது தடவ நான் தாண்டிக் குடுத்தேன்" என்றிருக்கிறது.

"அவர் என்கூட ஒரு நாளாவது உக்காந்திருக்காராம்மா?" என்று கேட்டுத்தானே அவர் சாவுக்கு வராமல் இருந்தாய்? நாற்பத்திரண்டு பக்கம் உட்கார்ந்திருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தது எனக்கெங்கே தெரியும்? அவர் இருந்தபோதே நீ இப்படிச் சொன்னதை நம்பி, கடைசிவரை நானும் அவரைக் குத்திக் காட்டினேன்.

ஏன் பொய் சொன்னாய்? ஃபோன் செய்யாதே. எழுதி அனுப்பு.

உன் அம்மா