அஸ்வினியின் கழுத்தில் கிடந்த சங்கிலி

திருநகர், மதுரை

அன்பு மகள் ஜாய்ஸுக்கு,

மாதாவின் பாதுகாவலில் நானும் அப்பாவும் நலம், அந்தக் குளிரில் நீயும் நலமாக இருக்க தினமும் செபிக்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய், போனில் பாதிப் பேச்சில் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால் இதை உட்கார்ந்து முழுதும் படி. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனாலும் கோரிப்பாளையம் பக்கம் போனால் பிரியாணி சாப்பிடாமல் திரும்புவதில்லை, கேட்டால் கூட வந்தவர் வற்புறுத்தினாராம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளி விடுதியில் நாலு பிள்ளைகளுக்குப் பொன்னுக்குவீங்கி வந்ததைச் சொன்னேன் அல்லவா, வார்டன் என்பதால் என் தலைதான் உருண்டது. முதலில் கன்னம் வீங்கியது பிளஸ் டூ அஸ்வினிக்கு, வாடிப்பட்டிப் பக்கத்து விவசாயி முத்திருளனின் மகள், அடுத்தடுத்த நாளில் மற்ற மூவருக்கும் வீங்கிவிட்டது. உடனே பெற்றோர் சங்கத் தலைவர் ஜெரால்ட் ஆள் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் புள்ளதான் ஊர்ல இருந்து கொண்டாந்திருக்கு, பரீட்சை முடியிற மட்டும் விடுதிப் பக்கமே வரக்கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். அனுப்பிவிட்டால் செய்முறைத் தேர்வு போச்சு, அதைவிட நோயைக் கொண்டுவந்தவள் என்ற பேர் ஒட்டிக்கொள்ளும், அது எந்த மருந்துக்கும் போகாது. பெற்றோர் கூட்டம் முடிந்ததும் அனுப்பிவிடலாம் என்று தலைமையாசிரியை சிஸ்டரும் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார். நோய் எப்படிப் பரவுகிறது என்று கணக்குப் போடுவதுதானே உன் வேலை, எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னைக் கூப்பிட்டேன்.

யாருக்கு என்றைக்கு வீங்கியது, யார் பக்கத்தில் யார் படுக்கிறாள், யாரோடு பாடுகிறாள் என்று நீ துருவியபோது எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு உன் மாடலில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒருவரிடமிருந்து ஒட்டினால் வீக்கம் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், ஓரிரு நாள் இடைவெளியில் அஸ்வினி மற்றவர்களுக்குக் கொடுத்திருக்க வழியே இல்லை என்றாய் பார், எனக்குச் சுளீர் என்றது. முதலில் கண்ணில் பட்டவளைப் பிடிக்காதே, நாலு பேருக்கும் பொதுவாக இருந்த ஆளைத் தேடிப் பின்னால் போ, அந்த ஆள் கிடைத்ததும் அங்கிருந்து முன்னால் வா, இன்னும் தெரியாதவர்களும் அகப்படுவார்கள் என்றாய். அதை அப்பாவுக்கு நானே பாடம் எடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்.

நாலு பேரும் லூர்து மாதா திருவிழாவுக்குப் பாட்டு பழகியவர்கள். அதை யோசித்துக்கொண்டே அஸ்வினிக்குக் கஞ்சி கொண்டு போனேன், கழுத்தில் தங்கச் சங்கிலி. விடுதியில் நகை கூடாது என்று சட்டம் போட்டதே நான். எஸ்தர்தான் போட்டுவிட்டா டீச்சர், பொங்கலுக்கு அவளுக்கு வீங்கினப்ப இதப் போட்டுத்தான் வத்துச்சாம் என்றாள். பொன்னுக்குவீங்கிக்குக் கழுத்தில் தங்கம் போடுவது நம் ஊர் வழக்கம்தானே. ஆனால் எஸ்தர் யார் தெரியுமா, பாட்டுக் குழுவில் நடுவில் நிற்கிறவள், ஜெரால்டின் மகள். இவர்களுக்கு வீங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, பொங்கல் விடுமுறை முடிந்து பல்வலி என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்தான்.

அவளைத் தனியே கூப்பிட்டு, நீ யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்காமல், உனக்கு யாரிடமிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். மளமளவென்று சொல்லிவிட்டாள், அத்தை வீட்டுப் பிள்ளைகளுக்கு இருந்ததாம், பல்வலி என்று சொல்லச் சொன்னது அவள் அப்பாவாம். மறுநாள் பெற்றோர் கூட்டத்தில் நான் யார் பேரையும் எடுக்கவில்லை, கரும்பலகையில் உன் கணக்கை மட்டும் நாளும் தேதியும் போட்டு விளக்கினேன். ஜெரால்ட் முகம் சுண்டிவிட்டது. அவராகவே எழுந்து, சங்கிலி போட்டு வத்திருச்சு, இனிமே ஒட்டாதுன்னு நெனச்சுட்டேன் சிஸ்டர், அந்தப் புள்ள மேல பழி போட்டது என் தப்பு என்றார். மனுஷன் சும்மா சொல்லக்கூடாது, ஒப்புக்கொள்ளவும் ஒரு மனசு வேண்டும். எஸ்தரிடமிருந்து முன்னால் வந்ததில் லேசாகக் காய்ச்சல் கண்டிருந்த இன்னும் இரண்டு பிள்ளைகள் அகப்பட்டார்கள், உடனே தனியறையில் வைத்தோம், அதற்குப் பிறகு யாருக்கும் வரவில்லை. ஜெயித்துவிட்டோம் ஜாய்ஸ்.

அஸ்வினி வீக்கம் வடிந்து எல்லாச் செய்முறைத் தேர்வையும் நம் பள்ளியிலேயே செய்துவிட்டாள். கடைசித் தேர்வன்று முத்திருளன் வந்திருந்தார். தேர்வு எப்படி என்றுகூட மகளிடம் கேட்கவில்லை, நேராக என்னிடம் வந்து, எம் மகளத் தலகுனிஞ்சு கூட்டிட்டுப் போகணுமோன்னு பயந்து கெடந்தேன், எந்தப் புள்ளம்மா அந்தக் கணக்கப் போட்டுச்சு என்று கேட்டார். என் மகள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு இல்லை, உனக்கு உரியது, போனில் அதை எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

தவக்காலம் தொடங்கிவிட்டது, வெள்ளிக்கிழமை கறி தொடாதே, தலைக்குக் குல்லா இல்லாமல் வெளியே போகாதே. ஆண்டவர் உன் கைக்கும் புத்திக்கும் துணை நிற்கட்டும்.

உன்னைப் பெற்றதில் பெருமைப்படும்
அம்மா,
ஆனிமேரி லூர்துராஜ்