தொண்ணூறு இலட்சம் கூடிய கதை

எசன்,
12.11.1987

அன்பு மருமகள் சிவமலருக்கு,

எசன் மாநகரத்து எச்சில் கோப்பைகள் அனைத்துக்கும் அதிபதியும், அகதி விடுதி மூன்றாம் மாடியின் முடிசூடா மன்னனுமாகிய உன் நாகமுத்து மாமா நலம். கொழும்பில் நீயும் உன் அப்பாவாகிய என் அத்தானும் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். இங்கே குளிர் எப்படியென்றால், நேற்று நான் தும்மிய தும்மல் உறைந்து விழுந்து, பக்கத்துக் கட்டில் அரியரத்தினத்தின் கால் வீங்கிவிட்டது.

அத்தான் காசு போடத் துடிக்கும் கம்பனியின் கணக்கறிக்கைப் பிரதி, நீ அனுப்பியது, கிடைத்தது. "வங்கிக்கே தாய்க் கம்பனி, காசு தொண்ணூறு இலட்சம் கூடியிருக்கு, இதை நம்பாமல் வேறை எதை நம்புறது" என்று அத்தான் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். உன் சீதனக் காணி விற்ற காசு முழுவதையும் மாத முடிவில் அவர்களுடைய கடன் பத்திரத்தில் போடப் போகிறாராம். காசு உன் பெயரில் கிடப்பதால் உன் கையெழுத்து வேண்டுமாம்.

போன மாதம் நானும் ஒரு வங்கி நடத்தினேன், பிள்ளை. பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஐம்பது மார்க் போடும் சீட்டு; பிடிக்கிறவன் நான். காலையில் என் பையில் முப்பத்தைந்து மார்க், மாலையில் அறுநூற்று முப்பத்தைந்து. என் நடையே மாறிவிட்டது. இந்த நாட்டுச் சான்சலருக்கே கட்டுப்படியாகாத ஒரு மேலங்கியைப் போட்டுப் பார்த்து, நூறு மார்க் முன்பணமும் கொடுத்துவிட்டேன். அந்த மாதச் சீட்டை எடுத்து, அறுநூறுக்கும் உரியவனான அரியரத்தினம் மறுநாள் வந்து நின்றான். "அண்ணை, காசைத் தாங்கோ, மேலங்கிக் கதை எனக்கு வேண்டாம்" என்றான். அந்த நூறைத் திருப்பி வாங்கக் கடைக்காரியிடம் நான் அழுத அழுகையில் ரைன் நதி இரண்டடி உயர்ந்தது.

ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் பதினெட்டு வருடம் கணக்கெழுதியவனுக்கே இந்தக் கதி. அதன் பிறகுதான் உன் தாளைக் கடைசி வரியோடு நிறுத்தாமல் மேல்நோக்கி வாசித்தேன். தாய்க் கம்பனிக்குச் சொந்தத் தொழில் கிடையாது. பிள்ளை வங்கி கொடுக்கும் இலாபப் பங்கில்தான் சீவியம். போன வருடம் பிள்ளை ஒரு சதமும் கொடுக்கவில்லை. சம்பளம், வட்டி என்று நாற்பது இலட்சம் வெளியே போயிருக்கிறது. தள்ளாடுகிற பிள்ளையைத் தூக்கி நிறுத்தத் தாய் இன்னும் எண்பது இலட்சம் கொடுத்திருக்கிறாள். பிறகு கடன் பத்திரம் விற்று இருநூற்றுப் பத்து இலட்சம் வாங்கியிருக்கிறாள். மிஞ்சியது தொண்ணூறு. அது உழைத்த காசல்ல, ஊராரின் காசு. உன் காசும் சேர்ந்தால் அடுத்த வருடத் தாளில் இன்னும் கூடியிருக்கும். அதைக் காட்டி வேறொரு அத்தானைப் பிடிப்பார்கள்.

உன் காசு எதற்கென்று வைத்தது என்பது நம் மூவருக்கும் தெரியும். கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்களாம், ஆகையால் எழுதவில்லை. எங்கள் விடுதியின் நாலாம் மாடியில், பெண்கள் பகுதியில், ஜன்னலோரக் கட்டிலொன்று காலியாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அத்தான் கோபித்தால் என் பெயரைச் சொல். அவர் என்னைத் திட்டத் தொடங்கி இருபது வருடம், இன்னும் களைக்கவில்லை. நீ மட்டும் அசையாதே.

தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பதுதான் முறை. நான் இம்முறை உன் வலது கையை ஆசீர்வதிக்கிறேன். அது அந்தப் படிவத்தின் பக்கம் போகாதிருக்கட்டும். பெட்டி அடுக்க அது வேண்டும்.

உன் மாமா,
நா. நாகமுத்து