அப்பா படத்தில் பூத்த விபூதி

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் சாமியாகிவிட்டீர்கள் என்று பாரோயில் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு. அங்கே உங்களுக்குத் தகவல் வந்ததா?

நீங்கள் போனதிலிருந்து அம்மா உங்கள் அறையை யாருக்கும் விடவில்லை. தினமும் மஞ்சள் தண்ணீரில் தரையைத் துடைப்பார். உங்கள் படத்துக்கு விளக்கேற்றி, அது அணையக்கூடாதென்று ஜன்னலை இறுக்கிச் சாத்துவார். போன மாதம் படத்தின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. "ஒங்கப்பா விபூதி கொடுத்திருக்காருடி!" என்று தெருவையே கூட்டிவிட்டார். லோபாக்கிலிருந்து உங்கள் அக்கா மாலையோடு வந்து விழுந்து கும்பிட்டார். நீங்கள் இருந்தவரை உங்களைத் திட்டாத நாளில்லை, அதே அக்காதான்!

எனக்கு அது பூசணம் என்று தெரிந்துவிட்டது. சுவரோரம் பச்சையாகவும் படர்ந்திருந்தது. பக்கத்து அறையில் தூங்கும் உங்கள் பேத்தி தியாவுக்கு இருமல் நிற்கவே இல்லை. வீட்டில் ஈரம் தங்குகிறதா என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ஆனால் அம்மா முகம் தெளிந்ததே அந்த விபூதியால்தான். அதை எப்படிப் பறிப்பேன்? நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நல்லவேளை, நான் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை. தியாவின் நெற்றியில் பூச அம்மா அதை விரலில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். கோலா பிலா தோட்டத்துப் புகைக்கூடத்தில் உங்களோடு ரப்பர் ஷீட் காயவைத்தவர் அல்லவா?

"அடியே, இது பூசணம்லா! ஈர ஷீட்டுல புடிக்குமே, அதே வாட!"

அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"பூசணம் புடிச்ச ஷீட்ட கண்டா அந்த மனுசன், வேல வாங்குற மண்டோரையே திட்டுவாரு. கடைசில அவரு மூஞ்சிலயே..." முடிக்க முடியாமல் அம்மா சிரித்தார், அப்பா! கண்ணில் நீர் வழியச் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு!

படத்தையும் சுவரையும் சுத்தம் செய்துவிட்டோம். வெயில் அடித்தால் ஜன்னல் திறந்திருக்கும். மழை வந்தால் சாத்திவிட்டு, ஈரம் இழுக்கும் மெஷினை ஓடவிடுகிறோம். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டோம். துணி இனி வீட்டுக்குள் காய்வதில்லை. இதற்கெல்லாம் அம்மாதான் இப்போது மண்டோர். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்ட உங்கள் மருமகன் வாங்கிய திட்டு இருக்கிறதே, நீங்கள் தோற்றீர்கள்.

தியாவின் இருமல் நின்றுவிட்டது. நேற்று அம்மாவே அவளுக்கு உங்கள் அறையில் மெத்தை விரித்தார். "தாத்தா ரூம் இனிமே ஒனக்குத்தான்லா, நல்லா குதிச்சி வெளயாடு" என்றார்.

உங்கள் அறையை இனி ஒருநாளும் அடைத்துவைக்க மாட்டோம், அப்பா. இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
தியாவின் அம்மா,
சாந்தி