நீ இழுத்த காற்று

இல்லை அம்மா, பஸ்ஸில் வரவில்லை. படகில்தான். மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கியதுமே சுக்கு வாசனை. உன் சேலை மடிப்பில் இருந்த அதே காரம். நீ போய் ஏழு மாதம்.

இருபது வருடம் சுக்குக் கிடங்கின் தூசியில் வேலை பார்த்தாய். அப்படித் தூசி படிந்த நுரையீரல் எப்படி விரிகிறது, எப்படிச் சுருங்குகிறது என்று கணினியில் கட்டிப் பார்ப்பது என் ஆய்வு. எர்ணாகுளத்தில், என் கல்லூரி ஆய்வகத்தில், உன்னையே உட்கார வைத்தேன். மூக்கில் கிளிப், வாயில் குழாய்.

"எப்பவும் போல மூச்சு விடும்மா."

தலையாட்டினாய். திரையில் கோடு பெரிய அலைகளாக ஏறி இறங்கியது. சாதாரண மூச்சுக்குத் தசைகள் இவ்வளவுதான் இழுக்கும் என்று ஓர் எண்ணை முன்பே வைத்திருந்தேன். அந்தச் சிறிய இழுப்புக்கே இவ்வளவு காற்று வந்தால், நுரையீரல் இறுகாமல் இளக்கமாக, நலமாக இருக்கிறது என்றுதான் கணக்கு சொல்லும். சொன்னது. நானும் உன்னிடம் சொன்னேன்.

"அப்போ ஆஸ்பத்திரி வேண்டாம். உன் கம்ப்யூட்டரே பாஸ் போட்டாச்சல்லே?" என்று சிரித்தாய்.

ஒவ்வொரு மூச்சுக்கும் உன் கழுத்துக்குழி உள்ளே போனது. பார்த்தேன். திரையை நம்பினேன்.

அந்தக் கோடு என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் ஆனது. நான்கே மாதத்தில் நீ இல்லை.

இன்று கிடங்கு வாசலில் ஷீலா சேச்சி நின்றிருந்தார். உன் பக்கத்தில் உட்கார்ந்து சுக்குத் தரம் பிரித்தவர். சாயா வாங்கித் தந்தார்.

"அந்த டெஸ்டுக்கு ஒரு வாரம் ப்ராக்டீஸ் அல்லே மோளே! சாக்கு மேல உக்காந்து இழுத்து இழுத்து விடுவா. வள்ளங்களிக்குத் துடுப்புப் போடப் போறியாடீன்னு நாங்க கேலி பண்ணுவோம். 'எம் பொண்ணோட பரீட்சை, தோத்துடக் கூடாது'ம்பா."

சாயா கிளாஸைக் கீழே வைத்தேன்.

அது உனக்கு வைத்த பரீட்சை இல்லை, அம்மா. அதை உன்னிடம் சொல்லத் தோன்றவில்லை. நீ எவ்வளவு பலமாக இழுக்கிறாய் என்று அளக்கவும் தோன்றவில்லை. நீ கஷ்டப்பட்டது என் கணக்கில் சுலபம் என்று பதிவாகிவிட்டது.

நீ போன நாளிலிருந்து, யார் 'எனக்கு ஒன்றுமில்லை' என்றாலும் என் கண் அவர்கள் கழுத்துக்குப் போகிறது. இது இனி விடாது.

ஆய்வேட்டை அடுத்த வாரம் சமர்ப்பிக்க வேண்டும். ஆய்வு வழிகாட்டி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டிருந்தார். பிற்பகல் படகேறி எர்ணாகுளம் திரும்பி அவர் அறைக்குப் போனேன். இழுப்பை அளக்காமல் ஊகித்துவிட்டேன், முடிவு தவறு என்றேன். நான்காம் அத்தியாயத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.